ஸ்காட்லாந்து கால்பந்து என்றால் செல்டிக், ரேஞ்சர்ஸ் மட்டும்தானா? பார்க்கத் தகுந்த வேறு அணி ஏதாவது இருந்ததா?

இருந்தது. அலெக்ஸ் பெர்குசன் கையில் 1978 முதல் 1986 வரை இருந்த அபர்டீன்.

நான் மான்செஸ்டர் யுனைடெட் பைத்தியமாகத்தான் கால்பந்துக்குள் வந்தேன். அந்த அணியின் மேனேஜராகச் சூயிங்கம் மென்றபடி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் பெரியவர், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பெர்குசன். இதற்கு முன்னால் இந்த மனிதர் எங்கே இருந்தார் என்று ஒருநாள் ராத்திரி தேடப் போய், மங்கலான பழைய வீடியோ ஒன்றில் மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அபர்டீன் தோற்றால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை, போகட்டும்.

செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டும் கிளாஸ்கோ அணிகள். 1965இல் கில்மார்னக் லீக் பட்டம் வென்றதற்கு அப்புறம் பதினான்கு வருடங்கள் இந்த இருவர்தான் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டார்கள். அபர்டீன் வடகிழக்குக் கடற்கரை ஊர். மீன்பிடி ஊராக இருந்து, அப்புறம் வட கடல் எண்ணெயால் பெருத்தது. பிட்டோட்ரி மைதானத்திலிருந்து கடல் நடந்து போகிற தூரம்தான். கிளாஸ்கோவுக்குப் போய் ஆடினால் தோற்றுத் திரும்புவது சகஜம் என்கிற மனநிலையை உடைப்பதுதான் பெர்குசன் செய்த முதல் வேலை. கிளாஸ்கோ பத்திரிகைகள் நம்மை மதிப்பதே இல்லை என்று பையன்களை உசுப்பேற்றிக்கொண்டே இருப்பார். பாதி நிஜம், பாதி நாடகம் என்று நினைக்கிறேன். ஆனால் பலித்தது: 1980, 1984, 1985இல் லீக் பட்டம்.

எல்லோரும் பேசுவது 1983 மே 11ஆம் தேதி ஸ்வீடனின் கோதென்பர்க்கில் நடந்த கோப்பை வென்றோர் கோப்பை (அந்தந்த நாட்டுக் கோப்பையை வென்ற அணிகள் மோதும் ஐரோப்பியப் போட்டி) இறுதிப்போட்டியைத்தான். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய இரவு, அதே வருடம் மார்ச்சில் பிட்டோட்ரியில் நடந்த காலிறுதி. எதிரே ஜெர்மனியின் பயர்ன் மியூனிக். ரும்மனிகே, பிரைட்னர், அவுகெந்தாலர் எல்லாம் இருந்த அணி. இரண்டு ஆட்டங்களில் முதலாவது மியூனிக்கில் 0-0. இங்கே அவுகெந்தாலர் தூரத்திலிருந்து ஒன்று அடித்தார், நீல் சிம்ப்சன் சமன் செய்தார், திரும்பவும் பயர்ன் 2-1. வெளியூர் கோல் விதி இருந்த காலம்: மொத்தக் கோல் சமமானால் வெளியூரில் அதிகம் அடித்த அணிக்கே வெற்றி. 2-2 ஆனாலும் பயர்ன்தான் அடுத்த சுற்றுக்குப் போகும். அபர்டீனுக்கு இரண்டு கோல் வேண்டும், மிச்சம் இருப்பது கால் மணி நேரத்துக்கும் குறைவு.

வலது பக்கம் ஒரு ஃப்ரீ கிக். கார்டன் ஸ்ட்ராக்கன், ஜான் மெக்மாஸ்டர் இருவரும் ஒரே சமயத்தில் பந்தை நோக்கி ஓடி, மோதிக்கொள்ளாத குறையாக நின்றார்கள். "நீ அடிக்கிறாயா, நான் அடிக்கிறேனா" என்று சண்டை போடுவதுபோல ஒரு பாவனை. பயர்ன் ஆட்கள் ஒரு நொடி அசந்தார்கள். சட்டென்று திரும்பிய ஸ்ட்ராக்கன் பந்தைத் தூக்கிப் போட, அலெக்ஸ் மெக்லீஷ் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். அது ஒத்திகை பார்த்த நாடகம்! முதல் தடவை பார்த்தபோது நானும் ஏமாந்து, பின்னால் ஓட்டித்தான் புரிந்துகொண்டேன். பயர்ன் மூச்சு விடுவதற்குள், மாற்று ஆளாக வந்த ஜான் ஹியூவிட் கோல்கீப்பரின் கால்களுக்கு இடையே அடுத்ததைத் தள்ளிவிட்டார். 3-2.

இறுதிப்போட்டி ரியல் மாட்ரிட்டோடு, கொட்டித் தீர்த்த மழையில். அந்த அணியின் மேனேஜர் டி ஸ்டெபனோ. செல்டிக்கை 1967இல் ஐரோப்பிய சாம்பியன் ஆக்கிய ஜாக் ஸ்டீன் அபர்டீன் அணியோடு போயிருந்தார். டி ஸ்டெபனோவுக்கு நல்ல விஸ்கி பாட்டில் ஒன்று பரிசாகக் கொடு, இங்கே வந்ததே எங்களுக்குப் பெரிய விஷயம் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று பெர்குசனுக்கு யோசனை சொன்னாராம். கிராமத்து மூளை! எரிக் பிளாக் முதலில் அடித்தார். மெக்லீஷ் பின்னால் தட்டிவிட்ட பந்து ஈரத்தில் நின்றுபோய் மாட்ரிட்டுக்கு ஒரு பெனால்டி, 1-1. கூடுதல் நேரத்தில், 112ஆவது நிமிடம், பீட்டர் வியர் இடது பக்கம் தூக்கிக் கொடுத்த பந்தை மார்க் மெக்கீ உள்ளே போட, மறுபடியும் ஹியூவிட், பாய்ந்து ஒரு ஹெட்டர். 2-1.

மாற்று ஆளையும் சேர்த்து அன்று அபர்டீனுக்கு ஆடிய பன்னிரண்டு பேரும் ஸ்காட்லாந்துக்காரர்கள். அதில் ஒருவர், 19 வயது நீல் கூப்பர், பிறந்தது நம்ம டார்ஜிலிங்கில். அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்.

பத்து நாள் கழித்து ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் ரேஞ்சர்ஸை 1-0 என்று வென்றார்கள். கொண்டாட வேண்டிய நேரத்தில் பெர்குசன் மைதானத்திலேயே டிவி மைக் முன்னால் நின்று, கேப்டன் வில்லி மில்லரும் மெக்லீஷும் தவிர மற்றவர்கள் ஆடியது வெட்கக்கேடு என்று பொரிந்து தள்ளினார். பிறகு மன்னிப்புக் கேட்டார் என்பது வேறு விஷயம். இந்த ஒரு வீடியோ பார்த்தால், பிற்பாடு யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் அவர் கோபத்தில் உதைத்து, பெக்காம் தலையில் பட்ட பூட்ஸ் எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்துவிடும்.

அந்தக் காலத்தில் டண்டி யுனைடெட்டும் சளைத்ததில்லை. 1983 லீக் பட்டம் அவர்களுடையது. அதை வென்றது பக்கத்து அணியான டண்டியின் மைதானத்தில். இரண்டு மைதானமும் ஒரே தெருவில், கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அவர்களுடைய மேனேஜர் ஜிம் மெக்லீன் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுத வேண்டும்.

1985க்குப் பிறகு, 2025 வரை வந்த நாற்பது லீக் பட்டங்களும் கிளாஸ்கோவுக்கே போயின. அதனால் உங்கள் கேள்வியில் தப்பு இல்லை. ஆனால் 2025 மே மாதம் அபர்டீன் செல்டிக்கைப் பெனால்டியில் வென்று, 1990க்கு அப்புறம் முதல் தடவையாக ஸ்காட்டிஷ் கோப்பையைத் தூக்கியது. எங்கள் கோல்கீப்பர் டிமிதர் மிடோவ் கடைசிப் பெனால்டியைத் தடுத்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். இந்தியா கிரிக்கெட்டில் ஜெயித்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.