அந்தோனியோவுக்கு என்ன ஆச்சு? ஷேக்ஸ்பியர் கேள்வி பதில்

கேள்வி: ‘ட்வெல்ஃப்த் நைட்’டில் கப்பல் உடைந்து கரை சேர்ந்த வயோலா, ஆண் உடையில் சிசாரியோ என்ற பெயரோடு டியூக்கிடம் வேலைக்குச் சேர்கிறாள். யாருக்குமே சந்தேகம் வராதா சார்?

பதில்: வராது. வயோலாவாக நடித்ததே ஒரு பையன்தானே! 1660 வரை லண்டன் பொதுமேடையில் பெண் வேடம் பையன்களுக்குத்தான். பையன் பெண்ணாகி, அந்தப் பெண் மறுபடி பையனாகி வருவது பார்க்கிறவர்களுக்கும் தெரியும், பாதிச் சிரிப்பு அதில்தான்.

கேள்வி: இந்த ஆள்மாறாட்டம் ஷேக்ஸ்பியருடைய சொந்தச் சரக்கா?

பதில்: இல்லை, இத்தாலிச் சரக்கு. 1602இல் இந்த நாடகத்தைப் பார்த்த சட்ட மாணவர் மேனிங்ஹாம், இத்தாலிய நாடகம் ஒன்றைப் போலவே இருக்கிறது என்று டைரியில் எழுதிவைத்தார்.

கேள்வி: கடைசியில் எல்லாருக்கும் ஜோடி கிடைக்கிறது. வயோலாவோடு இரட்டையாகப் பிறந்த செபாஸ்டியனைக் கடலிலிருந்து காப்பாற்றிய அந்தோனியோ?

பதில்: எனக்கு இந்த நாடகத்தில் உறுத்துவதே இதுதான். மூன்று மாதம் ராப்பகலாகக் கூடவே இருந்தவன், பிடிபட்டால் ஆபத்து என்று தெரிந்தும் பின்னாலேயே வந்து பணப்பையையும் கொடுத்தவன். சண்டையில் மாட்டிக்கொண்ட வயோலாவை நண்பன் என்று நினைத்துக் குறுக்கே பாய்ந்து கைதாகிறான். பையைத் திருப்பிக் கேட்டால், அவள் ‘உங்களை யாரென்றே தெரியாது’ என்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை, ஆனாலும் அவள் போட்ட வேடத்துக்கு அடிபட்டவன் இவன். இரட்டையர் சேர்ந்து நிற்கும்போது ‘இதில் யார் செபாஸ்டியன்?’ என்று கேட்கிறான், அதோடு சரி, அப்புறம் அவனுக்கு வசனமே கிடையாது. விடுதலை ஆனானா என்றுகூட யாரும் சொல்வதில்லை.

கேள்வி: ‘வெனிஸ் வணிகன்’ அந்தோனியோவுக்கும் இதே கதிதானா?

பதில்: அவன் கொஞ்சம் தேவலை. வக்கீல் வேடத்தில் வந்து அவன் உயிரைக் காப்பாற்றிய போர்ஷியா, தான் கணவன் பஸானியோவுக்குக் கொடுத்த மோதிரத்தையே கூலியாகக் கேட்கிறாள். பஸானியோ மறுக்கிறான், அந்தோனியோ சொன்ன பிறகுதான் கொடுக்கிறான். வீட்டுக்கு வந்ததும் மோதிரம் எங்கே என்று சண்டை. நண்பன் பஸானியோவுக்காக முன்பு உடம்பைப் பிணை வைத்த அந்தோனியோ, இப்போது ஆன்மாவையே பிணை வைக்கிறான். அவளும் மோதிரத்தை அவன் கையாலேயே கணவனுக்குக் கொடுக்கவைக்கிறாள், கெட்டிக்காரி. இனி யாருக்கு முதலிடம் என்று அதற்கு மேல் வாயால் வேறு சொல்ல வேண்டுமா?

கேள்வி: வயோலா கடைசியிலாவது பெண் உடையில் வருவாளா?

பதில்: மாட்டாள். அவளுடைய உடை கப்பல் தலைவனிடம் இருக்கிறது, அவனோ மல்வோலியோ என்ற பெரிய வீட்டுக் காரியக்காரன் போட்ட வழக்கில் சிறையில் இருக்கிறான். அவளோடு கல்யாணம் பேசி முடித்த பிறகும் டியூக் அவளை ‘சிசாரியோ’ என்றுதான் கூப்பிடுகிறான்.