குளிர்காலப் பாலைவனத்தில் டிரெய்லர் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நானும் கணவரும் பணி ஓய்வு பெற்று டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் வசிக்கிறோம். பிக்கப் டிரக்கில் இழுத்துச் செல்லும் 24 அடி டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கியிருக்கிறோம். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஆறு வாரம் ஒதுக்கி, ஒயிட் சாண்ட்ஸ், டூசான், ஆர்கன் பைப், குவார்ட்ஸைட், ஜோஷுவா ட்ரீ, டெத் வேலி, கிராண்ட் கேன்யன் ஆகிய அனைத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப எண்ணுகிறோம். பாலைவனம்தானே, குளிர் பெரிதாக இருக்காது என்கிறார் கணவர். இந்தத் திட்டம் சரிவருமா?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட ஒவ்வோர் இடமும் பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் எல்லாம் குளிர்காலத்தில் டிரெய்லருடன் தங்குவதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. அந்த நிலப்பரப்பில் குளிரைத் தீர்மானிப்பது பாலைவனம் என்ற பெயரன்று, உயரமே. ஆயிரம் அடி ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் குறையும் என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள். குவார்ட்ஸைட் 900 அடிக்கும் குறைவான உயரத்திலும், டூசான் சுமார் 2,400 அடியிலும், ஒயிட் சாண்ட்ஸ் சுமார் 4,000 அடியிலும், கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு ஏறக்குறைய 7,000 அடியிலும் இருக்கின்றன. தென்விளிம்பில் ஜனவரி மாதம் பனி பெய்வது இயல்பு; வடவிளிம்புக்குச் செல்லும் சாலையோ குளிர்காலம் முழுவதும் மூடப்பட்டிருக்கும்.

எண்களைவிட நம்பகமான வழிகாட்டிகள் அங்குள்ள செடிகள். ஆர்கன் பைப் கள்ளி உறைபனியைத் தாங்காது. அதனால்தான் வெயில் படும் தெற்குச் சரிவுகளில் அது மிகுதியாகக் காணப்படுகிறது. சாகுவாரோ கள்ளியும் கடுங்குளிர் நீடிக்கும் இடத்தில் பிழைக்காது. முதல் கிளை விடுவதற்கே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் அந்தச் செடி ஓரிடத்தில் ஓங்கி நிற்கிறது என்றால், அந்த இடத்து இரவுகள் பெரும்பாலும் பொறுக்கத்தக்கவை என்று பொருள். ஜோஷுவா மரம் இதற்கு நேர்மாறானது. குளிர்ந்த, உயரமான மொஹாவே பாலைவனமே அதற்கு உகந்தது. ஆகவே சாகுவாரோவும் ஆர்கன் பைப்பும் வளரும் இடங்களில் டிரெய்லரை நிறுத்தித் தங்குங்கள். ஜோஷுவா மரம் நிற்கும் இடங்களைப் பகலில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

இதன்படி நான் பரிந்துரைக்கும் பயணம் இது. ஒயிட் சாண்ட்ஸுக்கு இரண்டு இரவுகள் போதும். அந்தப் பூங்காவுக்குள் டிரெய்லருடன் தங்க இடமில்லை. அலமகோர்டோ பக்கம் தங்கிக்கொள்ளலாம். அருகிலுள்ள தளத்தில் ஏவுகணைச் சோதனை நடக்கும் நாட்களில் சாலையைச் சில மணி நேரம் மூடிவிடுவார்கள் என்பதால், முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். டூசானில் ஒரு வாரமாவது இருங்கள். நகரின் மேற்கே கில்பர்ட் ரே முகாமில் மின் இணைப்பும் உண்டு, சாகுவாரோ தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதியும் பக்கம். பிறகு ஆர்கன் பைப், அதன்பின் குவார்ட்ஸைட், கடைசியாக டெத் வேலி. கோச்செல்லா பள்ளத்தாக்கில் டிரெய்லரை நிறுத்திவிட்டு ஜோஷுவா ட்ரீயை ஒரு பகலில் பார்க்கலாம். கிராண்ட் கேன்யனை இந்த முறை விட்டுவிடுங்கள் என்று மனமாரச் சொல்கிறேன். விட முடியாது என்றால், தாழ்வான ஊரில் டிரெய்லரைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டு, டிரக்கில் மட்டும் போய் விடுதியில் ஓரிரவு தங்கி வாருங்கள்.

டெத் வேலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1913ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான அதே ஃபர்னஸ் க்ரீக்கில் ஜனவரிப் பகல் இதமாக இருக்கும். அந்த முகாம் கடல்மட்டத்துக்கும் கீழே இருப்பதுதான் இதற்குக் காரணம். அருகிலுள்ள பேட்வாட்டர் சமவெளி கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கிறது. ஆனால் மேற்கிலிருந்து வரும் சாலை ஏறத்தாழ 5,000 அடி உயரமுள்ள டவுன் கணவாயில் ஏறி, அங்கிருந்து செங்குத்தாக இறங்குகிறது. கனத்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு அவ்வழியே போகாதீர்கள். பேக்கர் ஊரிலிருந்து 127ஆம் எண் சாலையில் வடக்கே சென்று, டெத் வேலி ஜங்ஷனில் மேற்கே திரும்பினால் இறக்கம் எவ்வளவோ மேல். அப்படியும் இறக்கத்தில் பிரேக்கையே அழுத்திக்கொண்டிராமல், முன்கூட்டியே கியரைக் குறைத்து எஞ்சினின் இழுவையால் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

கேள்வி: எங்கள் டிரக் 9,000 பவுண்டு வரை இழுக்கும் என்று விற்பனையாளர் சொன்னார். டிரெய்லர் நிறைசுமையில் 6,000 பவுண்டு. கவலையில்லை அல்லவா?

பதில்: இழுக்கும் திறனைவிட முதலில் பார்க்க வேண்டியது சுமக்கும் திறன். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆட்களும் பொருட்களும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அச்சிட்டிருக்கும். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல், அதாவது டிரக்கின் முதுகில் அமரும். உங்கள் டிரெய்லருக்கு அது 600 முதல் 900 பவுண்டு. இருவரின் எடை, பின்பெட்டியில் ஜெனரேட்டர், கருவிகள், மடக்கு நாற்காலிகள் எல்லாவற்றையும் கூட்டினால், ஸ்டிக்கரில் உள்ள எண்ணை எளிதில் எட்டிவிடுவீர்கள். 40 காலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலே 330 பவுண்டுக்கு மேல் கூடுகிறது என்பதால், தங்கப்போகும் இடத்துக்கு அருகிலுள்ள ஊரில் நிரப்பிக்கொள்வது நல்லது. புறப்படும் முன் லாரிகள் நிற்கும் எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

கொக்கியின் மேல் எடை குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் டிரக்கின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்குங்கள். காற்றாலைகள் நிற்கும் சான் கோர்கோனியோ கணவாயில் பக்கக்காற்று பலமாக வீசும். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு மணிக்கு 55 மைல்தான் உச்ச வேகம். அந்த வேகம் உங்கள் டயர்களுக்கும் நல்லது.

கேள்வி: மின் இணைப்பு இல்லாத இடங்களில் இரவைக் கழிப்பது எப்படி? ஹீட்டர் புரொப்பேனில்தான் ஓடுகிறது.

பதில்: எரிவது புரொப்பேன் என்றாலும், சூட்டைத் தள்ளும் விசிறி பேட்டரியில்தான் ஓடுகிறது. புதிதாகப் புறப்படுபவர்கள் விடியற்காலையில் இதைத் தெரிந்துகொள்ளும்படி ஆகிறது. விசிறி 7 ஆம்பியர் எடுப்பதாகவும், நீண்ட இரவில் மொத்தம் ஆறு மணி நேரம் ஓடுவதாகவும் வைத்துக்கொண்டால் 42 ஆம்பியர்-மணி செலவு. நூறு ஆம்பியர்-மணி கொண்ட ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் சேதமின்றிப் பயன்படுத்த முடியும். விளக்குக்கும் கைபேசிக்கும் எஞ்சுவது மிகக் குறைவு. சோலார் பேனலை நம்பலாம், ஆனால் கோடைக்காலக் கணக்கில் நம்பக்கூடாது. டிசம்பர் இறுதியில் தெற்கு அரிசோனாவில் நண்பகல் சூரியனே அடிவானிலிருந்து 34 டிகிரி உயரத்தைத் தாண்டாது. கூரையில் படுத்துக்கிடக்கும் பேனலைத் தெற்கே சாய்த்து நிறுத்துங்கள், அல்லது தரையில் வைக்கும் பேனல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி வாங்குவதாக இருந்தால், உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது என்பதையும் அறிந்திருங்கள்.

ஹீட்டரை 13, 14 டிகிரியில் வைத்துவிட்டு நல்ல கம்பளியில் உறங்குவதே சிறந்தது. சமையல் அடுப்பை ஏற்றி அறையைச் சூடாக்குவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இருவர் மூச்சுவிடும் சின்ன அறையில் விடிவதற்குள் கண்ணாடிகளில் நீர் வழியும், மெத்தையின் அடிப்பக்கம் ஈரமாகும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடாமல், கூரைத் திறப்பை விரலளவு திறந்து வையுங்கள். தண்ணீர்க் குழாயை வெளியே இணைத்திருந்தால், உறையக்கூடிய இரவுகளில் கழற்றி வடித்துவிடுங்கள்.

கேள்வி (கணவர் தனியே அனுப்பியது): முகாமில் டிரெய்லரைப் பின்னோக்கி நிறுத்தும்போது எங்கள் இருவருக்கும் வாக்குவாதம் வந்துவிடுகிறது. வழி உண்டா?

பதில்: உண்டு. ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். உங்கள் மனைவி எப்போதும் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நிற்கட்டும். அவர் தெரியாத கணமே வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பதை இருவரும் முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். கைபேசியில் பேசிக்கொண்டே செய்தால் கூச்சலுக்கு இடமிராது. ஐயம் வந்தால் இறங்கிப் பாருங்கள். கொக்கியைக் கழற்றும் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைப்பதை இருவரில் ஒருவர் தம் பொறுப்பாகவே ஏற்றுக்கொள்ளட்டும்.

கேள்வி: குவார்ட்ஸைட் பக்கம் பொதுநிலத்தில் கட்டணமின்றித் தங்கலாம் என்கிறார்களே?

பதில்: தங்கலாம். கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறைக்குரிய நிலத்தில் பொதுவாக 28 நாட்களுக்குள் 14 நாட்கள் வரை ஓரிடத்தில் இருக்க அனுமதி உண்டு. அதற்கு மேல் தங்க விரும்புவோருக்காக லா போசா என்ற பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டண அனுமதியுடன் அங்கே இருக்கலாம். ஊருக்குள் கூர்நுனிக் கல்லறை ஒன்றைக் காண்பீர்கள். 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனப் போக்குவரத்துக்கு ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது அவற்றுடன் வந்த ஹாஜி அலி அங்கே அடக்கமாகியிருக்கிறார். அவர் பெயரை ஊரார் ‘ஹை ஜாலி’ என்று மாற்றிவிட்டார்கள். அவசியம் நின்று பாருங்கள்.

வறண்ட ஓடைப்படுகை எவ்வளவு சமமாகத் தெரிந்தாலும் அதில் வண்டியை நிறுத்தாதீர்கள். தொலைவிலுள்ள மலையில் பெய்த மழைகூட அதன் வழியே வெள்ளமாக வரும். சோயா என்னும் கள்ளியின் முட்கட்டி காலில் ஒட்டிக்கொண்டால் கையால் பிடுங்காமல், சீப்பை அடியில் கொடுத்து நெம்பி எடுங்கள். எல்லையை ஒட்டிய நெடுஞ்சாலைகளில் சோதனைச் சாவடிகள் இருப்பதால், குடியுரிமை பெறாதவர்கள் கிரீன் கார்டின் அசலையே கையில் வைத்திருக்க வேண்டும். கழிவுநீரைத் தரையில் விடாமல், ஊரிலுள்ள கழிவகற்றும் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, அங்கேயே குடிநீரையும் புரொப்பேனையும் நிரப்பிக்கொண்டு திரும்புங்கள்.