டர்பனில் இரண்டு அறை வீடு. இடிக்காமல், பெரிதாகக் கட்டாமல் விசாலமாக உணரச் செய்ய முடியுமா?

முடியும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீடு, ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு பொது, பின்னால் வெறும் சிமெண்ட் முற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் குரூப் ஏரியாஸ் சட்டத்தால் இடம்பெயர்க்கப்பட்ட இந்தியக் குடும்பங்களுக்காக 1960களில் கட்டிய வீடுகள் பலவும் இப்படித்தான். உள்ளே செலவு செய்வதை நிறுத்திவிட்டு அந்த முற்றத்தைக் கவனியுங்கள்.

சோபாவில் உட்கார்ந்து பின்பக்கம் பாருங்கள். பார்வை ஜன்னல் கம்பியில் முட்டினால் அறை அங்கேயே முடிந்துவிடுகிறது. கடைசி மதில் வரை போனால் முற்றமும் அறையில் சேர்ந்துவிடும். அதனால் முதல் வேலை மதிலுக்கு வெளிர் நிறம் அடித்து, அதன் ஓரத்தில் வாழையோ கறிவேப்பிலையோ வைப்பது. கம்பிகளுக்கு வெள்ளை வேண்டாம், கறுப்பு அடியுங்கள். வெள்ளை வெயிலில் பளிச்சென்று முன்னால் நிற்கும்; கறுப்பு பின்னாலிருக்கும் பச்சையோடு கலந்துவிடும். திரைக்கம்பியை ஜன்னலைவிட இரண்டு பக்கமும் ஒரு அடி நீளமாகப் போட்டால், துணி கண்ணாடியை மறைக்காமல் சுவர்மேல் ஒதுங்கும். இரவில் வெளியே இருட்டாக இருந்தால் கண்ணாடி உங்கள் முகத்தைத்தான் காட்டும், ஆகவே மதிலைப் பார்த்து ஒரு சின்ன விளக்கு வேண்டும்.

தரை? உள்ளே இருக்கும் டைல்ஸின் நிறத்திலேயே வெளியேயும் போடுங்கள், ஆனால் சொரசொரப்பானதாக. ஒரே மட்டத்தில் போடச் சொல்பவர்களை நம்பாதீர்கள். டர்பன் கோடை மழையில் தண்ணீர் நேரே கூடத்துக்கு வரும். ஒரு படி இறக்கமே நல்லது.

இங்கே பலரும் செய்வது முற்றம் முழுக்கத் தகரக் கூரை. எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. பட்டப்பகலிலும் கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருக்கும். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. ஜூன் நண்பகலில் சூரியன் சுமார் 37 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், டிசம்பரில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். உங்கள் முற்றம் வடக்கே பார்த்தால் இரண்டடிச் சார்ப்பே போதும்: கோடை வெயிலைத் தடுக்கும், குளிர்கால வெயிலை உள்ளே விடும். பந்தல்தான் வேண்டுமென்றால் திராட்சை ஏற்றுங்கள், குளிர்காலத்தில் இலை கொட்டிவிடும். தென்மேற்கே பார்த்தால் கதை வேறு. மழைக்காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கும், சார்ப்பை நீட்டத்தான் வேண்டும்.

அப்புறம் குரங்கு. கதவைத் திறந்து வைத்துவிட்டு மேஜையில் வாழைப்பழத்தை விட்டுப் போனால் அது உங்களுடையது இல்லை. கம்பி இடைவெளியில் குட்டிகள் நுழைந்துவிடும். கொசுவுக்கும் சேர்த்து வலை அடித்துவிடுங்கள்.

ஜன்னலைக் கதவாக அகலப்படுத்த ஆசை வந்தால் மட்டும் அவசரம் வேண்டாம். சுவரை உடைக்கும் முன் டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி நகராட்சியில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். வீட்டை விற்கும்போது அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.