எட்ஜ் கம்ப்யூட்டிங்கால் தொழிலும் வேலையும் நிஜமாகவே மாறுமா?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. எட்ஜ் கம்ப்யூட்டிங்கால் கம்பெனிகளுக்கு உருப்படியான பலன் உண்டா என்பது ஒன்று, அங்கே வேலை செய்கிறவர்களின் உற்பத்தித் திறன் அதனால் கூடுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு, சில தொழில்களில் நிச்சயம் உண்டு, பல அலுவலகங்களில் தேவையே இல்லை என்று சொல்வேன். இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. மெஷின் பக்கத்தில் வைக்கும் அந்தச் சின்னக் கணினிப் பெட்டி கண்டுபிடிப்பது முதலில் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் அனுபவம்.

நான் கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பல வருடம் மெயின்டனன்ஸில் இருந்தேன். இப்போது திருப்பூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்களுக்குக் கேமரா, சென்சார் மாட்டிக் கொடுக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே பேசுகிறேன்.

எட்ஜ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகவல் எங்கே பிறக்கிறதோ அங்கேயே, அல்லது அதற்கு மிகப் பக்கத்திலேயே, அதை அலசி முடிவெடுப்பது. எங்கோ தூரத்தில் இருக்கும் டேட்டா சென்டருக்கு அனுப்பி, பதில் வரும்வரை காத்திருப்பதற்கு நேர் எதிர். பணம் கட்டப் போன கவுன்டரில் "சர்வர் டவுன்ங்க, கொஞ்சம் இருங்க" என்று கேட்காத ஆள் நம்மில் யாரும் இருக்க முடியாது. அந்தக் காத்திருப்பில் பத்து நிமிடம் போனால் நமக்கு எரிச்சல், அவ்வளவுதான். ஆனால் சில வேலைகளில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போனாலே பொருள் கெட்டுவிடும்.

மில்லில் ஆட்டோகோனர் பார்த்திருக்கிறீர்களா? நூலைச் சின்னச் சின்னக் கண்டுகளிலிருந்து பெரிய கோனுக்கு மாற்றுகிற மெஷின். நிமிடத்துக்கு 1200 முதல் 1500 மீட்டர் வரை நூல் ஓடும், அதாவது ஒரு நொடிக்கு 20 முதல் 25 மீட்டர். ஒவ்வொரு டிரம்முக்கும் மேலே கிளியரர் என்று ஒரு சின்ன சென்சார் தலை இருக்கும். நூல் எங்கேயாவது தடிமனாகவோ மெலிந்தோ வந்தால், அல்லது வேறு நிறப் பஞ்சு கலந்திருந்தால், அது அங்கேயே கண்டுபிடித்து அந்தக் கணமே நூலை வெட்டிவிடும். கெட்ட துண்டை எடுத்துப் போட்டுவிட்டு மெஷின் இரண்டு முனையையும் ஒட்டி மறுபடி ஓட ஆரம்பிக்கும். இதே முடிவை மும்பையில் இருக்கும் ஒரு டேட்டா சென்டர் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், 1000 கிலோமீட்டருக்கு ஒரு வழிக்கே 5 மில்லிசெகண்ட் (நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லிசெகண்ட்), அதை எந்தக் கம்பெனியாலும் குறைக்க முடியாது. நடுவில் இருக்கும் ரூட்டர்கள், அந்தப் பக்கம் கணக்குப் போடும் நேரம் எல்லாம் சேர்ந்தால் 100 மில்லிசெகண்ட் சாதாரணமாக ஆகிவிடும். அதற்குள் இரண்டு மீட்டருக்குக் குறையாமல் நூல் ஓடி, கெட்ட இடம் கோனுக்குள் புதைந்துவிடும். ஆக எட்ஜ் என்ற பெயர் பிரபலமாவதற்கு ரொம்ப காலம் முன்பே நம் மில்களில் அந்த வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

(பெயர் வந்த கதையில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. செல்போனுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கணினி மையம் இருக்க வேண்டும், எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது தூரத்து டேட்டா சென்டர்களுக்கு, அனுப்பக் கூடாது என்று 2009இல் கட்டுரை எழுதியவர்களில் முதன்மையானவர் மகாதேவ் சத்யநாராயணன். கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர், சென்னை ஐஐடியில் படித்தவர். நம் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.)

சரி, அப்படியானால் இப்போது புதிதாக என்ன? கிளியரர் பார்ப்பது ஒரு சின்ன சிக்னல், தடிமன் கூடியதா குறைந்ததா என்பது மாதிரி. இப்போது ஒரு படத்தையே பார்த்து, இது ஓட்டையா, எண்ணெய்க் கறையா, ஊசிக் கோடா என்று பிரித்துச் சொல்லும் வேலையைக் கையடக்கமான ஒரு பெட்டியால் செய்ய முடிகிறது. 2019இல் என்விடியா கம்பெனியின் ஜெட்சன் நானோ என்ற சின்னக் கணினி 99 டாலருக்கு வந்தபோதுதான், இது பெரிய மில்களுக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

நிட்டிங்கில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நூல் ஊட்டும் ஃபீடர் 90 உள்ள, சிங்கிள் ஜெர்சி என்ற பனியன் துணி போடும் ஒரு மெஷின் நிமிடத்துக்கு 25 சுற்று சுற்றினால், நூலையும் துணியின் அடர்த்தியையும் பொறுத்து, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் துணி இறங்கும். நிமிடத்துக்கு ஒன்றேகால் மீட்டர். ஒரே ஒரு ஊசியின் கொக்கி உடைந்தால் துணியின் நீளத்துக்குக் கோடு ஓடிக்கொண்டே இருக்கும், ஒருவர் பார்த்து நிறுத்தும்வரை. ஏழெட்டு மெஷினை ஒரு ஆபரேட்டர் பார்க்கிறார், அவர் சுற்றி வருவதற்குள் பத்து நிமிடம் போனால் பன்னிரண்டு மீட்டர் துணி வீண். அதைவிட மோசம், மெல்லிய கோடு சாயம் போடாத கிரே துணியில் கண்ணுக்குத் தெரியாது, சாயம் போட்டபிறகுதான் வெளியே தெரியும். அப்போது நூல் காசு, கூலி, சாயம், தண்ணீர் எல்லாம் போய், நஷ்டத்தை நம் பணத்தில் கழித்துக்கொள்ளும் டெபிட் நோட் பார்ட்டியிடமிருந்து வரும். கூலிக்குத் துணி போட்டுக் கொடுக்கிற ஜாப் ஒர்க்காரருக்கு அந்த மாத லாபம் அதோடு முடிந்தது.

நான் முதலில் இதைக் கிளவுடில்தான் செய்தேன், அது என் தவறு. 2021இல் ஒரு யூனிட்டில் பத்து மெஷினில் கேமரா மாட்டி, வீடியோவை நெட் வழியாக அனுப்பி அங்கே அலசும்படி வைத்தேன். ஒரு நல்ல கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி, ஒரு நாளைக்கு 43 ஜிபி. பத்து கேமராவுக்கு 430 ஜிபி, அதுவும் அப்லோடு. இரவு பகலாக 40 எம்பிபிஎஸ் அப்லோடு விடாமல் கிடைக்க வேண்டும் என்றால் தொழிற்பேட்டைக்கு வெளியே ஒரு சந்தில் இருக்கும் யூனிட்டுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாள் சாக்கடை வேலைக்கு ரோட்டைத் தோண்டியதில் ஃபைபர் கட்டாகி ஐந்து மணி நேரம் நெட் இல்லை. மெஷின்கள் பாட்டுக்கு ஓடின. கேமரா பார்த்துக்கொள்கிறது என்ற பழக்கத்தில் ஆபரேட்டர்களும் துணிக்கு லைட் அடித்துப் பார்ப்பதைக் குறைத்திருந்தார்கள். மூன்று ரோல் கோடோடு இறங்கியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்கப்புறம் ஷெட்டுக்குள்ளேயே பெட்டியை வைத்தேன். படத்தை அங்கேயே பார்த்து அங்கேயே முடிவு, கெட்ட இடத்தின் படமும் எண்ணிக்கையும் மட்டும் வெளியே போகும். நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்டி கோட்டைக் கண்டுபிடித்துவிடும்.

இத்தனை செய்தும் முதல் மாதம் எதிர்பார்த்த பலன் வரவில்லை, காரணம் தொழில்நுட்பம் இல்லை. எச்சரிக்கை முதலாளியின் செல்லுக்கும் சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் குரூப்புக்கும் போனது. முதலாளி சூப்பர்வைசரைக் கூப்பிட, சூப்பர்வைசர் போய் ஆபரேட்டரைச் சத்தம் போட, அதற்குள் நாலைந்து நிமிடம் ஓடிவிடும். கணக்குப் போடுவதை மெஷின் பக்கத்துக்குக் கொண்டுவந்து மில்லிசெகண்டில் முடித்துவிட்டு, முடிவை மட்டும் ஊரைச் சுற்றி வரவைத்திருந்தோம். ஆபரேட்டர்களுக்கோ அந்தக் கேமரா தங்களைக் காட்டிக்கொடுக்கிற கண்ணாகிவிட்டது.

பிறகு மாற்றினோம். கோடு தெரிந்தால் ரிலே என்ற சுவிட்ச் மூலம் மெஷின் தானாக நிற்கும், அதன் தலைக்கு மேல் ஒரு விளக்கு எரியும். எங்கள் ஊர் யூனிட்களில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பிள்ளைகள் நிறைய. நான் முதலில் வைத்த திரையில் எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது, விளக்குக்கு எந்த மொழியும் வேண்டாம். கூடவே ஒரு சின்னத் திரையில் ஊசி எந்த இடத்தில் என்று படம் காட்டியது. முன்பெல்லாம் ஃபிட்டர் ஊசிகள் இருக்கும் சிலிண்டரைக் கையால் மெதுவாகச் சுற்றி ஊசி ஊசியாகத் தேடுவார், இப்போது நேராக அந்த இடத்துக்கே போகிறார். முதலாளிக்கு ஷிஃப்ட் முடிவில் ஒரே ஒரு தொகுப்பு. எனக்குத் தெரிந்து உற்பத்தித் திறன் கூடியது இங்கேதான், மெஷின் பக்கத்தில் நிற்கிறவர் யாரையும் கேட்காமல் அடுத்த வேலையைச் செய்ய முடிந்தபோது.

பொய் எச்சரிக்கை பற்றியும் சொல்ல வேண்டும். நிட்டிங் ஷெட்டில் பஞ்சுத் தூசி பறந்துகொண்டே இருக்கும், லென்ஸில் ஒரு கொத்து ஒட்டினால் போதும், நல்ல துணிக்கே மெஷின் நிற்கும். ஒரு பையன் கேமராவின் மேல் டேப் ஒட்டிவிட்டான், எல்லோரும் அவனைத் திட்டினார்கள். உற்பத்தியைப் பார்த்துத்தான் அவனுக்கு இன்சென்டிவ், காரணமில்லாமல் பத்து முறை மெஷின் நின்றால் போவது அவன் காசு. அவன் பக்கம் நியாயம் இருந்தது. மில்லில் இதை எங்களுக்கு அன்றைக்கே கிளியரர் கற்றுக்கொடுத்திருந்தது. 100 கிலோமீட்டர் நூலுக்கு எத்தனை கட் என்று கணக்கு வைப்போம், செட்டிங்கை இறுக்கினால் கட் கூடி வைண்டிங் எஃபிஷியன்ஸி இறங்கும், தளர்த்தினால் நெசவுக்காரரிடமிருந்து கம்ப்ளைன்ட் வரும். எந்த அளவில் வைப்பது என்பதை நூல் தெரிந்த ஆள்தான் சொல்ல முடியும். அதனால் இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பட்டன் வைக்கிறேன், தவறாக நின்றால் ஆபரேட்டர் அதை அழுத்துவார். அந்தப் படங்களை மட்டும் சேர்த்து, படம் பார்த்துப் பிரிக்கும் மாடலுக்குக் கிளவுடில் மறுபடி பயிற்சி கொடுத்துப் பெட்டிக்கு அனுப்புகிறோம். "எட்ஜ் வந்தால் கிளவுட் போய்விடுமா" என்று கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில். ஆற அமரச் செய்யும் கணக்கு எல்லாம் அங்கேயே இருக்கட்டும்.

முதலாளிகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அப்ப ஒரு ஆளே பன்னிரண்டு மெஷின் பார்க்கலாமா?" என்பது. பார்க்கலாம்தான். ஆனால் பன்னிரண்டு மெஷின்களுக்கு நடுவே இரவு ஷிஃப்டில் எட்டு மணி நேரம் நடப்பவர் மனிதர். விளக்கு எரிந்தபின் அவர் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து பாருங்கள், மெஷின் நிற்கும் நேரம் கூடியிருந்தால் நீங்கள் மிச்சம் பிடித்த கூலி அங்கே கரைந்துகொண்டிருக்கிறது. இதை நேருக்கு நேர் சொல்லி இரண்டு ஆர்டரை இழந்திருக்கிறேன், இனியும் சொல்வேன்.

மற்ற தொழில்களில் எங்கே பொருந்தும்? அமெரிக்காவில் சிக்-ஃபில்-ஏ என்ற உணவகக் கம்பெனி ஒவ்வொரு கடைக்குள்ளும் மூன்று சின்னக் கணினிகள் வைத்து இப்படி ஓட்டுவதாக 2018இல் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள், நெட் போனாலும் அடுப்படி நிற்கக் கூடாது என்பது நோக்கம். ஜான் டியரின் மருந்து தெளிக்கும் இயந்திரம் 120 அடி நீளக் கையில் 36 கேமரா வைத்து, களை இருக்கும் இடத்தில் மட்டும் தெளிக்கிறது, நடுக்காட்டில் சிக்னலுக்கு எங்கே போவது, முடிவு இயந்திரத்துக்குள்ளேயே. நம் கையில் இருக்கும் யுபிஐ லைட்டும் கிட்டத்தட்ட இதே யோசனைதான், சின்னத் தொகைக்கு ஒவ்வொரு முறையும் வங்கியின் மையக் கணினியைத் தட்டாமல் செல்லில் வைத்த இருப்பிலிருந்து கழித்துக்கொள்வது. எதிர்ப்பக்கத்துக்கு 2021 டிசம்பர் 7 ஓர் உதாரணம். அன்று அமேசானின் கிளவுடில் ஒரு பகுதி விழுந்தபோது அவர்களுடைய சொந்த டெலிவரி வேலையே அமெரிக்காவில் பல இடங்களில் நின்றுபோனது.

செலவுப் பக்கத்தை விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். பெட்டி ஒன்று இருந்தால் பார்த்துக்கொள்ளலாம், ஐம்பது இடத்தில் ஐம்பது இருந்தால் அப்டேட் போடுவது யார்? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக்கின் ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின, அதில் ஏராளமானவற்றை ஆள் நேரில் போய் ஒவ்வொன்றாகத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. 2016இல் மிராய் என்ற வைரஸ் பரவியதும் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்கள், ரூட்டர்கள் வழியாகத்தான். நான் போகிற யூனிட்களில் இன்றும் பாதிக் கேமராவின் பாஸ்வேர்டு அட்மின் என்றே இருக்கிறது, அதை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுகிறேன். இது போக வெயில், தூசி, கரண்ட் கட். ஃபேன் வைத்த பெட்டியைப் பஞ்சு பறக்கும் இடத்தில் வைக்காதீர்கள், ஃபேன் இல்லாத மூடிய பெட்டியாக வாங்குங்கள், அதற்கென்று தனி யுபிஎஸ் கொடுங்கள்.

உங்கள் தொழிலுக்கு வேண்டுமா என்று பார்க்க நான் கேட்பது இது: இந்த நிமிடம் நெட் போனால் எவ்வளவு நேரத்தில் நஷ்டம் ஆரம்பிக்கும்? நொடியில் என்றால் யோசிக்காமல் செய்யுங்கள். ஒரு மணி நேரத்தில் என்றால் முதலில் இரண்டாவது நெட் இணைப்பு ஒன்று போடுங்கள், பல இடங்களில் அதுவே போதும். நாளைக்குத்தான் தெரியும் என்றால், அதாவது கணக்கு, சம்பளப் பட்டியல், மெயில் மாதிரி வேலை என்றால், கிளவுடே நல்லது, வீண் செலவு வேண்டாம்.

செய்வதாக முடிவு செய்தால் முதல் மாதம் மெஷினை நிறுத்தும் வயரை இணைக்காதீர்கள். பெட்டி சும்மா பார்த்து எழுதிக்கொண்டு இருக்கட்டும். ஷிஃப்ட் முடிவில் ஆபரேட்டரையும் ஃபிட்டரையும் உட்காரவைத்து அந்தப் படங்களைக் காட்டி, எது சரி, எது தவறு என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள். அந்தப் பேச்சில்தான் ஒரு ஃபிட்டர் எங்களிடம், ஒரே டப்பா ஊசியிலிருந்து போட்டவைதான் திரும்பத் திரும்ப உடைகின்றன என்று படங்களை வைத்துக் காட்டினார். அந்த ஊசி டப்பாவை அன்றே ஒதுக்கி வைத்தோம்.