படுகளத்து மண்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். பத்து வருடம் கழித்து இந்த முறைதான் லீவு போட்டு, எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோவிலில் பாரதக் கதையைக் கூத்தாக நடத்தும் திருவிழாவான பாரதத்துக்குப் போனேன். கூட வேலை பார்க்கும் நண்பரும் வந்தார். தரையில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைப் பீமன் கொல்லும் படுகளம் முடிந்ததும், அம்மா அந்தத் துரியோதனன் மண்ணில் ஒரு பிடி எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டு வந்து நெல் மூட்டைக்குள் போட்டார். நண்பர் கேட்டார்: “பாஞ்சாலி சேலையை உருவச் சொன்னவன் மண்ணைப் போய் வீட்டுக்குள் வைக்கிறீர்களே, இது சாமி கும்பிடுவதா, மாந்திரீகமா?” எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால், “எங்க மாமியார் வச்சாங்க, நானும் வைக்கிறேன்” என்கிறார். ஃப்ரேசர் என்ற அறிஞர் இதையெல்லாம் மந்திரம் என்ற கணக்கில் சேர்த்திருப்பதாகப் படித்தேன். அப்படியானால் பாரதக் கதை எதற்கு? அந்த மண்ணுக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

உங்கள் நண்பர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். அதிலும் ‘அவன் மண்ணைப் போய்’ என்றாரே, அந்த இடத்தை விடக் கூடாது. ஆனால் ஃப்ரேசர் பெயரைச் சொல்லிவிட்டீர்கள், முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

ஜேம்ஸ் ஃப்ரேசர் 1890இல் தொடங்கிப் பல பதிப்புகளாக விரித்து எழுதிய பெருநூலில் உலகத்துச் சடங்குகளையெல்லாம் திரட்டினார். மந்திரத்துக்கு அடியில் இரண்டு எண்ணங்கள் இருப்பதாகச் சொன்னார். ஒன்றைப் போலச் செய்து காட்டினால் அது நடக்கும் என்பது முதலாவது. ஒருமுறை ஒட்டியிருந்த பொருட்கள் பிரிந்த பிறகும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பது இரண்டாவது. நம் நாட்டார் வழக்காற்றியலில் ஒத்த மந்திரம், தொத்து மந்திரம் என்பார்கள். அந்தக் கணக்கில் உங்கள் அம்மா முடிந்துவந்தது தொத்து மந்திரம். பாரதத்தில் அர்ச்சுனன் தவம் செய்வதைக் காட்டும் அர்ச்சுனன் தபசில் மரத்தின் மேலிருந்து எறிகிற எலுமிச்சம்பழத்தைப் பிள்ளையில்லாத பெண்கள் மடியேந்தி வாங்குவதும் அதே வகைதான். பெயர் வைப்பதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் காரணகாரியம் தெரியாதவன் தப்பாகச் செய்த விஞ்ஞானமே மந்திரம் என்று அவர் முடித்தாரே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மனிதர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவர் இல்லை. பாதிரிமார்களும் அதிகாரிகளும் எழுதியவற்றைப் படித்து எழுதினார். முதல் உலகப் போர்க் காலத்தில் நியூகினி பக்கத்து டிரோபிரியாண்ட் தீவுகளில் போய்த் தங்கிய மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி வேறு மாதிரி சொன்னார். அங்கே உள்கழியில் மீன் பிடிக்கிறவர்கள் மந்திரம் ஏதும் செய்வதில்லை, ஆபத்து மிகுந்த கடலுக்குப் போகிறபோதுதான் சடங்கெல்லாம். தோட்டத்தில் மந்திரம் சொல்கிறவனுக்கு மண்ணும் விதையும் களையும் நன்றாகவே தெரியும். ஒன்றின் வேலையை மற்றது செய்யும் என்று அவன் நினைப்பதே இல்லை.

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் ஆயா. தருமபுரியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். ராகிப் பானைக்குள் படுகளத்து மண்ணை ஆயா போடும்போது, “இதைப் போட்டா ராகி விளையுமா?” என்று கேட்டேன். ஆயா கையைத் தட்டிக்கொண்டே, “விளையறதுக்கு எரு அடிச்சிருக்கேன். இது வேற” என்றாள். அந்த ‘இது வேற’ என்னவென்று புரிய எனக்கு ரொம்ப வருடம் ஆனது.

சரி, மண்ணுக்கு வருகிறேன்.

பாலக்கோடு பக்கம் ஒரு ஊரில் துரியோதனன் உருவாவதை ஒருமுறை ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ஏரி மண் டிராக்டரில் வந்து இறங்கியது. ஏழெட்டுப் பேர் அதை மிதித்துக் குழைத்து, கால் பக்கமிருந்து கட்டிக்கொண்டு போனார்கள். பாதம் இரண்டும் வானத்தைப் பார்த்து ஆள் உயரத்துக்கு நின்றன. மார்பு வந்தபோது வேலை மெதுவானது. மூத்தவர் ஒருவர் ஈரத்துணியால் மார்பைத் தடவித் தடவி வழவழப்பாக்கினார், குழந்தைக்கு முதுகு துடைப்பது மாதிரி. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. விடியும்போது கிரீடம் வைத்து, மீசை வரைந்து, வலது தொடைக்குள் குங்குமம் கரைத்த தண்ணீரை ஒரு சின்னக் கலயத்தில் புதைத்து மூடினார்கள். அதன் பிறகு ஒருவரும் அந்தத் தொடைப் பக்கம் காலை வைக்கவில்லை.

காலையில் வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றி ஓடி ஓடிச் சண்டை போட்டார்கள். கலயம் உடைந்தது. சிவப்பு கொப்பளித்தது. பாஞ்சாலி கூந்தல் முடித்தாள். கூட்டம் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் காந்தாரி வந்தாள், ஒரு கையில் முறம், ஒரு கையில் துடைப்பம். (சில ஊர்களில் மனைவி பெருந்திருவாள் வருவாள்.) பெற்ற வயிற்றைச் சொல்லி, நூறு பிள்ளையைச் சொல்லி ஒப்பாரி. சற்று முன் பீமனுக்கு விசிலடித்த ஜனம் அப்படியே அடங்கியது. என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் வீட்டுச் சாவு மாதிரி மாரில் அடித்துக்கொண்டு அழுதார். காந்தாரி எழுந்து துடைப்பத்தால் அடிக்க ஆரம்பித்ததும் ஆணும் பெண்ணும் வரிசையாகத் தலையைக் கொடுத்தார்கள், காத்து கருப்பு போகும் என்று. அந்த அழுகையும் அடியும் முடிந்த பிறகுதான் மண்ணை அள்ளினார்கள். பீமன் அடித்த கையோடு யாரும் அள்ளவில்லை. இந்த வரிசையைக் கவனியுங்கள்.

இப்போது உங்கள் நண்பரின் கேள்வியை ஃப்ரேசரிடம் கேட்டுப் பார்க்கலாம். தொட்டதன் குணம் ஒட்டும் என்றால் கெட்டவன் மண்ணில் கேடுதானே ஒட்ட வேண்டும்? தானியம் ஏன் பெருக வேண்டும்? தொத்து மந்திரம் என்ற பெயரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதற்குக் கதை வேண்டும், கதையோடு இந்த மண்ணின் பழக்கமும் வேண்டும்.

‘படுகளம்’ என்ற சொல்லிலேயே பதில் இருப்பதாக நான் நினைக்கிறேன். படு என்றால் விழு, சாவு. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போய் அங்கே நிற்கும் நடுகற்களைப் பாருங்கள். மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனைக் கல்வெட்டு ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று சொல்லும். அதே படு. தமிழ்நாட்டில் நடுகற்கள் மிக அதிகமாகக் கிடைத்த பகுதிகளில் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களும் உண்டு. எத்தனையோ கற்களுக்கு இன்றைக்கும் வேடியப்பன் என்று பெயர் சொல்லிப் பொங்கல் வைக்கிறோம். மந்தையை மீட்டவனுக்கு மட்டுமில்லை, கவரப் போன இடத்தில் விழுந்தவனுக்கும் கல் உண்டு. தொல்காப்பியம் நடுகல்லைச் சொல்வதே ஆநிரை கவர்வதும் மீட்பதும் வருகிற வெட்சித் திணையில்தான். எந்தப் பக்கம் நின்றான் என்பது உயிரோடு இருந்தவரை உள்ள வழக்கு. களத்தில் விழுந்த பிறகு அவன் அந்த இடத்துக்குச் சொந்தக்காரன். கேட்டால் கொடுப்பான்.

தகடூர் என்ற பழைய தருமபுரியை ஆண்ட அதியமான் செத்தபோது ஒளவை பாடியது புறநானூற்றில் 232ஆம் பாட்டு. மயில் பீலி சூட்டிய நடுகல்லுக்குச் சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்கள். மலையோடு சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறாள். அழுகையும் படையலும் அங்கே பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன. படுகளத்தில் நான் பார்த்ததும் அதுவே.

வடமொழி பாரதமும் இதற்கு எதிராக நிற்கவில்லை. தொடை முறிந்து கிடக்கும் துரியோதனன் மேல் வானத்திலிருந்து பூமாரி பொழிந்ததாகச் சல்லிய பருவத்தில் வருகிறது. கடைசியில் தருமர் சொர்க்கத்துக்குப் போனால் அங்கே துரியோதனன் முன்னாலேயே ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். போரில் விழுந்தவனுக்கு அந்த இடம் உண்டு என்கிறார்கள். தருமருக்கே அது பொறுக்கவில்லை.

எதிரியின் உடம்பு பிழைப்புக்கு ஆதாரமாவது நம்மிடம் மட்டும் உள்ளதில்லை. பாபிலோனில் வசந்தத்தில் அகிது என்ற புத்தாண்டுத் திருவிழா நடந்தது. நான்காம் நாள் மாலை, படைப்புக் கதை முழுவதையும் பூசாரி மர்தூக் சாமிக்கு முன்னால் சொல்ல வேண்டும். மர்தூக் தன் எதிரி தியாமத்தைக் கொன்று, உடம்பை இரண்டாகப் பிளந்து, வானமும் பூமியும் செய்த கதை. அவள் கண்களிலிருந்துதான் யூப்ரடீஸும் டைகிரிஸும் ஓடுகின்றன. மறுநாள் ராஜாவின் சின்னங்களையெல்லாம் வாங்கிவைத்துவிட்டு, பூசாரி அவர் கன்னத்தில் அறைவார். கண்ணீர் வந்தால் சாமிக்குத் திருப்தி. அங்கும் கதை, அடி, கண்ணீர், எதிரியின் உடம்பு நாலும் இருக்கின்றன. ஆனால் தியாமத்துக்காக அந்தக் கதையில் ஒப்பாரி வைக்க ஒரு தாய் வருவதில்லை. நம் களத்துக்குக் காந்தாரி வருகிறாள். எனக்கு இது சாதாரண வித்தியாசமாகத் தெரியவில்லை. அவள் அழுத பிறகுதான் அந்த மண் வீட்டுக்குள் வரத் தகுந்ததாகிறது. கதை எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். கதை இல்லாவிட்டால் அது வெறும் ஏரி மண்.

மந்திரமா மதமா என்று பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் பிரியுங்கள். ஆனால் அம்மாவின் பதிலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாமியார் வைத்தார் என்றால், அந்த மாமியாரும் ஒரு காந்தாரியின் ஒப்பாரியைக் கேட்டு அழுதிருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்த பாரதத்துக்கு ஒரு நாள் முன்னாலேயே லீவு போடுங்கள். மண் குழைக்கிற ராத்திரிக்கே போய்விடுங்கள், நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்புறம் ஒரு விஷயம். எங்கள் ஆயா எப்போதும் மார்புப் பக்கத்திலிருந்துதான் மண் எடுப்பாள், தொடையில் கையே வைக்க மாட்டாள். உங்கள் அம்மா எந்தப் பக்கம் எடுத்தார் என்று கேட்டு எழுதுங்கள்.