வயலில் கொக்கு, மீன்குட்டையில் நாரை: விரட்ட வேண்டுமா?

கேள்வி: நெல் நடவு முடிந்து சில நாள்தான் ஆகிறது. வெள்ளைக் கொக்குகள் கூட்டமாக இறங்கி நாற்றை மிதிக்கின்றன. பக்கத்து மீன்குட்டையில் விடியும்போதே சாம்பல் நாரையும் மடையான் என்ற குளத்துக் கொக்கும் வந்துவிடுகின்றன. பொம்மை நட்டேன், இப்போது அதன் பக்கத்திலேயே நிற்கின்றன. மடையான் நான் நெருங்கினால்கூட நகர்வதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வயலுக்குப் பயப்படாதீர்கள். கொக்கு நாற்றைத் தின்னாது. அது தேடி வருவது வெட்டுக்கிளி, புழு, தவளை, சிறு நண்டு. வேர் பிடிக்காத நாற்று சில சாயும். நிமிர்த்தி ஊன்றிவிட்டால் போதும். கார்போபியூரான் என்ற பூச்சிமருந்துக் குருணை மட்டும் வேண்டாம். அதைத் தின்ற பூச்சியோ புழுவோ வழியாகக் கொக்கும் சாகும்.

கவனிக்க வேண்டியது குட்டையைத்தான். விரட்டுவதற்கு முன், பறவை எப்போது, எங்கே நிற்கிறது என்று இரண்டு நாள் பாருங்கள். விடியலில் மட்டும் கூடுகிறது, மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்றால், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது. இரவில் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலைதான் மோசமான நேரம். நாரைக்கு அது சுலபமான வேட்டை. தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓட்டுங்கள் அல்லது புதுத்தண்ணீர் விடுங்கள். தீவனத்தைக் குறைத்து, சாணம் போடுவதை நிறுத்துங்கள்.

நாள் முழுக்க ஒரே கரையில் நிற்கிறதா? அங்கே ஆழம் போதாது. நாரை நடந்துதான் மீன் பிடிக்கும். கரையோரத்தைச் செங்குத்தாக வெட்டி மூன்றடி ஆழம் வைத்தால் அதற்குக் கால் ஊன்ற இடமிருக்காது. மீன் ஒளிந்துகொள்ள உள்ளே சில குழாய்த் துண்டுகளைப் போடுங்கள். மீன்குஞ்சு விட்ட குட்டைக்கு மேலே வலை கட்டலாம், ஆனால் விறைப்பாக. தொங்கும் வலையில் பறவை சிக்கிக்கொள்ளும்.

பொம்மையை ஒரே இடத்தில் வைத்தால் அப்படித்தான் பழகிவிடும். அடிக்கடி இடம் மாற்றுங்கள். மடையான் நகராததைத் துணிச்சல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழுப்புக் கோடு போட்ட அதன் உடம்பு சேற்றோடு கலந்து தெரியாது. அசையாமல் இருப்பதுதான் அதன் பாதுகாப்பு. இன்னும் நாலடி போங்கள், வெள்ளை இறக்கையை விரித்துப் பறந்துவிடும்.

வலையில் சிக்கிய நாரையைக் கையால் எடுக்க நேர்ந்தால், முதலில் தலையில் துணியைப் போட்டு அலகைப் பிடியுங்கள். அது நேராகக் கண்ணைக் குறிவைத்துக் குத்தும். அப்புறம்தான் காலில் சுற்றிய நூலை வெட்ட வேண்டும்.