உள்மனசுக்கு பேக்கரி தெரியுமா?

கேள்வி: தனியார் வங்கியில் 11 வருடமாகக் கடன் பிரிவில் இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு பேக்கரி தொடங்கு என்று உள்மனசு சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தொழிலில் முன்பின் அனுபவம் இல்லை. வீட்டில் எதிர்க்கிறார்கள். உள்மனசை நம்பலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: எந்த விஷயத்தில்?

அமெரிக்கத் தீயணைப்பு அதிகாரி ஒருவரைப் பற்றி உளவியலாளர் கேரி கிளைன் எழுதியிருக்கிறார். ஒரு வீட்டின் சமையலறையில் தீ. தண்ணீர் அடித்தும் அடங்கவில்லை. சூடு அதிகம், சத்தமோ குறைவு. ஏன் என்று புரியாமலேயே ஆட்களை வெளியே வரச் சொன்னார் அதிகாரி. வந்த சற்று நேரத்தில் அவர்கள் நின்றிருந்த தரை இடிந்து விழுந்தது. நெருப்பு தரைக்குக் கீழே இருந்த அறையில் எரிந்துகொண்டிருந்தது. அவர் தனக்கு ஏதோ அபூர்வ சக்தி என்றே நினைத்தார். கிளைனுக்கு அதில் தெரிந்தது பல வருட அனுபவம்.

உள்ளுணர்வைச் சந்தேகித்தே பேர் வாங்கிய, 2002-ல் பொருளாதார நோபல் பெற்ற டேனியல் கானமனும் இதே கிளைனும் 2009-ல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒத்துப்போன இடம் இதுதான்: ஓர் ஒழுங்கு உள்ள துறையில், செய்தது சரியா தப்பா என்று தெரிந்துகொண்டே நெடுநாள் பழகியவரின் உள்மனசில்தான் சரக்கு இருக்கும். உறுதியாகத் தோன்றுகிறது என்பது அத்தாட்சி ஆகாது.

கடன் கேட்டு வருகிறவரின் ஸ்டேட்மென்டைப் புரட்டும்போதே 'இது தேறாது' என்று உங்களுக்குத் தோன்றுமே, அதை நம்புங்கள். 'இந்த வேலை இனி நமக்கு ஆகாது' என்று தோன்றுவதையும் பெரும்பாலும் நம்பலாம். உள்ளே இருந்து பார்த்தவர் நீங்கள், வீட்டார் இல்லை. ஆனால் பேக்கரியில் உங்கள் உள்மனசு ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லையே! மைதா விலை ஏறினால் பன் விலையை ஏற்ற முடியுமா, ராத்திரி மிஞ்சுகிற பப்ஸை என்ன செய்வது, மாஸ்டர் சொல்லாமல் லீவு போட்டால் அன்றைக்கு யார் மாவு பிசைவது, இதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்? அங்கே பேசுவது ஆசை. ஆசைப்படுவதில் தப்பில்லை.

சேர்த்து வைத்த லீவைப் போட்டு, தெரிந்தவர் பேக்கரியில் விடியற்காலையிலிருந்து கல்லா மூடும்வரை சில வாரம் நில்லுங்கள். கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதைப் படிக்கத்தான் உங்களுக்கு நன்றாகத் தெரியுமே. அப்புறம், அனுபவமே இல்லாத ஒருவர் இதே திட்டத்தோடு உங்கள் மேஜைக்கு வந்தால் எவ்வளவு கடன் தருவீர்கள்? அந்தத் தொகைக்கு மேல் உங்கள் பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள்.